பிரெஞ்சுக் குறும்படங்கள்: சித்திரமும் பரிசோதனையும்

பிரெஞ்சுக் குறும்படங்கள் என்று இங்கே குறிக்கப்படுபவை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறக்குறைய 1930 முதல் 1970 வரையுள்ள காலத்தில், பிரான்சிலும், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலும், சுவிட்சர்லாந்து, நைஜர் முதலிய நாடுகளிலும் பிரெஞ்சு மொழியைச் சார்ந்து எடுக்கப்பட்ட அனிமேஷன் படங்களும், கதை சொல்லும் வழக்கமான நெறியிலிருந்து விலகிய பரிசோதனைப் படங்களும் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை இரண்டு நிமிஷம் முதல் அரை மணி நேரம் வரை ஓடுபவை. பேச்சே இல்லாதவையும் பல. இவற்றைப் படைத்தவர்களுள் ருஷியர், அமெரிக்கர், போலந்து நாட்டார், ஹங்கேரியர், ஸ்காட்லாந்துக்காரர் எனப் பலரும் இருந்தமையால், மொழி ஒன்றையே கொண்டு இவற்றை ஒரு குலமாகக் கருதுவது பொருந்தாது. இவற்றைப் பிணைக்கும் பண்பு என்னவெனில், படம் எடுக்கத் தொடங்கும் முன்னரே அந்தப் படத்துக்கென்று ஒரு கருவியையோ, ஒரு பொருளையோ, ஒரு செய்முறையையோ அக்கலைஞர்கள் தாமே தேடிக் கண்டடைந்தார்கள் என்பதே. பெரிய சித்திரப்பட ஸ்தாபனங்கள் நூற்றுக்கணக்கான ஊழியர்களைக் கொண்டு ஒரே வார்ப்பில் படங்களை வெளியிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், ஊசி, மணல், களிமண், கத்தரித்த காகிதம், கீறிய பிலிம், பழைய புகைப்படம் ஆகிய எளிய பொருள்களைக்கொண்டு இவர்கள் திரையில் புதிய உலகங்களைச் சிருஷ்டித்தனர்.

முன்னோர்

சித்திரத்தை அசைத்துக் காட்டும் கலை பிரான்சில் சினிமாவுக்கும் மூத்தது. எமில் ரெய்னோ என்பவர் 1892 அக்டோபர் 28-ஆம் தேதி, பாரிஸ் நகரத்துக் கிரேவன் காட்சிசாலையில், தாமே கையால் வரைந்து வண்ணமிட்ட நீண்ட சுருள்களைப் பொதுமக்களுக்குத் திரையில் காட்டினார். லூமியேர் சகோதரர்களின் புகழ்பெற்ற காட்சிக்கு அது மூன்றாண்டு முந்தியது. எமில் கோல் 1908-இல் கோட்டோவியங்களால் ஆக்கிய ‘ஃபாந்தாஸ்மகோரி’ பிலிமில் பதிந்த முதல் சித்திரப்படங்களுள் ஒன்று. முதல் உலக யுத்தத்துக்குப்பின் ருஷியாவிலிருந்து வந்து குடியேறிய லாதிஸ்லாஸ் ஸ்தாரெவிச் பொம்மைகளை அசைத்தார். பெர்தோல்ட் பார்டாஷ், ஃபிரான்ஸ் மாசரேல் என்னும் ஓவியரின் மரச்செதுக்குகளை ஆதாரமாகக் கொண்டு, கண்ணாடித் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, அவற்றின்மேல் சவுக்காரத்தைப் பூசி மூட்டமான ஒளியை வரவழைத்து, ‘கருத்து’ என்னும் படத்தை ஏறத்தாழத் தனியொருவராகவே 1932-இல் முடித்தார். அதற்கு ஆர்தர் ஹோனகர் இசை அமைத்தார். கடலுயிர்களைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற ழான் பென்லவே, சிற்பி ரெனே பெர்த்ரானுடன் சேர்ந்து களிமண் உருவங்களைக் கொண்டு ‘நீலத்தாடி’ என்ற இசை நாடகத்தை 1938-இல் வெளியிட்டார். பின்வந்தோருக்கு இவர்கள் விட்டுச்சென்ற பிதுரார்ஜிதம், தனிமையில் நெடுங்காலம் உழைக்கும் துணிவே ஆகும்.

ஊசித்திரை

இக்கலைஞர்களுள் முதலிடம் தரத்தக்கவர் அலெக்ஸாந்தர் அலெக்ஸேயெவ் (1901–1982). ருஷியாவின் கஸான் நகரில் பிறந்து, புரட்சிக்குப்பின் பாரிஸ் வந்து சேர்ந்து, நூல்களுக்குச் செதுக்கோவியம் ஆக்கிப் பெயர்பெற்ற அவர், தம் செதுக்கோவியங்களில் விளங்கிய மென்மையான கருமையும் புகைபோன்ற சாம்பல் நிறங்களும் அப்படியே திரையில் அசைய வேண்டுமென்று விரும்பினார். அழுத்தமான கோட்டுக்குள் வண்ணத்தை நிரப்பும் கார்ட்டூன் முறை அந்த விருப்பத்தை நிறைவேற்றக்கூடியதன்று. ஆகவே அவரும், அமெரிக்காவிலிருந்து ஓவியம் பயில வந்த கிளேர் பார்க்கரும் (1906–1981) சேர்ந்து, 1930-களின் தொடக்கத்தில் ஊசித்திரை என்னும் அபூர்வமான கருவியை அமைத்தனர். நிமிர்த்தி வைத்த வெள்ளைப் பலகையில் லட்சக்கணக்கான நுண்துளைகள். ஒவ்வொரு துளையிலும் முன்னும் பின்னும் நகரக்கூடிய மெல்லிய ஊசி. பக்கத்திலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம்: கருவியின் அமைப்பு இவ்வளவே. ஊசி முழுவதும் உள்ளே அழுந்தியிருக்கும் இடத்தில் பலகை வெண்மையாகத் தோன்றும். சிறிது வெளியே நீண்டால் அதன் நிழல் படிந்து அவ்விடம் சாம்பல் நிறமாகும். முழுவதும் நீண்டால் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து கரிய இருள் சூழும். ஒருவர் முன்புறமும் மற்றவர் பின்புறமும் நின்று, உருளைகளாலும் வெவ்வேறு வடிவமுள்ள சிறு கருவிகளாலும் ஊசிகளை அழுத்தியும் தள்ளியும் உருவங்களைத் தோற்றுவிப்பர்.

இந்த முறையின் கடுமையை எண்ணிப் பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும். காகிதத்தில் வரைபவர் முந்திய தாளைப் பார்த்து அடுத்த தாளை வரையலாம். பிழை நேர்ந்தால் ஒரு தாளை மாற்றி வரையலாம். ஊசித்திரையிலோ, ஒரு கட்டத்தைக் காமிராவில் பதிந்தபின், அதே ஊசிகளை நகர்த்தியே அடுத்த கட்டத்தை ஆக்க வேண்டியிருப்பதால், முந்திய சித்திரம் அழிந்தாலன்றிப் பிந்திய சித்திரம் பிறப்பதில்லை. திரும்பிச் சென்று திருத்துவதற்கு வழியும் இல்லை. முசோர்க்ஸ்கியின் இசையைத் தழுவி 1933-இல் வெளிவந்த ‘மொட்டைமலையில் ஓர் இரவு’ என்ற முதற்படம் எட்டு நிமிஷமே ஓடுவது. அதை முடிக்க ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. மூடுபனியிலிருந்து உருவங்கள் திரண்டு வருவதும், குதிரை மனிதனாவதும், மனிதன் நிழலாவதும், நிழல் மறுபடியும் பனியில் கரைவதும் அப்படத்தில் இடையறாது நிகழ்கின்றன. ஒரு பொருள் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்கிற்று என்பதைக் கண் வரையறுக்க முடியாத அந்த நிலையே அதன் சௌந்தரியம்.

விமரிசகர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அத்தகைய உழைப்புக்கு ஈடான வருவாய் எந்தத் திரைப்படக் கொட்டகையிலிருந்தும் வருவதற்கில்லை. தம்பதிகளான இவ்விருவரும் ஜீவனத்துக்கு விளம்பரப் படங்களை நாடினர். யுத்த காலத்தில் அமெரிக்காவில் தங்கி மீண்டும் பாரிஸ் திரும்பியபின், ஊசலாடும் ஒளிப்பொருள் ஒன்றின் பாதையை நீண்ட நேரம் பிலிமில் பதியவிட்டு, உலகில் இல்லாத ஒரு திண்மப் பொருளைக் கண்ணுக்குக் காட்டும் முறையை அவர்கள் வகுத்து, அதைப் புகையிலை விளம்பரமாகிய ‘புகைகள்’ (1951) என்ற படத்தில் கையாண்டனர். விளம்பரம் என்ற காரணத்தால் இப்படங்களைத் தாழ்வாக மதிப்பது தவறு; வணிகர்கள் கொடுத்த பணத்தில் அவர்கள் நடத்திய ஆராய்ச்சி எந்தக் கலாசாலையின் ஆராய்ச்சிக்கும் குறைந்ததன்று. 1962-இல் ஆர்சன் வெல்ஸ், காஃப்காவின் ‘விசாரணை’யைப் படமாக்கியபோது, அதன் முகப்பில் வரும் நீதிவாயில் உவமைக் கதைக்கு ஊசித்திரைச் சித்திரங்களையே அசைவற்ற நிலையில் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு கோகோலின் கதையைத் தழுவி ‘மூக்கு’ வெளிவந்தது. நாவிதன் ஒருவன் ரொட்டிக்குள் மூக்கைக் காண்பதும், மூக்கை இழந்தவன் நகரெங்கும் அதைத் தேடி அலைவதுமாகிய அக்கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை. பொழுது மாறும்போது ஓர் அறையின் நிழல்கள் சுவரில் நகர்வதை மட்டும் காட்டும் சில விநாடிகள் அதில் உள்ளன. இவ்வகைப் படங்கள் அனைத்திலும் அவற்றுக்கு இணையான பகுதி ஒன்றை எடுத்துக்காட்டுதல் அரிது.

சட்டமும் ஆதரவும்

குறும்படம் பிரான்சில் செழித்ததற்குக் கலைஞர்களின் மேதை மட்டும் காரணமன்று. சட்டத்தின் நிழலும் ஒரு காரணம். 1940-இல் ஏற்பட்ட சட்டம் ஒரே காட்சியில் இரண்டு முழுநீளப் படங்களைக் காட்டும் வழக்கத்தைத் தடுத்து, பெரிய படத்துக்குமுன் குறும்படம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கியது. 1946-இல் தேசியத் திரைப்பட மையம் நிறுவப்பட்டது. 1953 ஆகஸ்டில் அரசாங்கம் அந்தப் பழைய பாதுகாப்பை நீக்கியபோது, ஆலென் ரெனே, ஜார்ஜ் பிரான்ஜூ முதலிய இயக்குநர்கள் அவ்வாண்டு டிசம்பரில் ‘முப்பதின்மர் குழு’ என்ற பெயரில் ஒன்றுகூடி, குறும்படம் அழிந்தால் சினிமாவின் எதிர்காலமே வாடிவிடும் என்று பகிரங்கமாக வாதாடினர். அவர்களுடைய கிளர்ச்சியின் பயனாகத் தரத்துக்கேற்ற பரிசுத்தொகை வழங்கும் ஏற்பாடு நிலைபெற்றது. இலாபத்தைப் பார்க்காமல் தகுதியைப் பார்த்துப் பணம் கொடுத்த இந்த ஏற்பாடு இல்லாதிருப்பின், 1950-களின் பிற்பாதியில் தோன்றிய சிறந்த படங்கள் பல தோன்றியிரா.

கிரிமோவும் பிரெவேரும்

சித்திரத்தில் கவிதையை ஏற்றியவர் பால் கிரிமோ (1905–1994). 1936-இல் ஆந்த்ரே சர்ரூ என்பவருடன் ‘இரட்டையர்’ என்ற ஸ்தாபனத்தை நிறுவிய அவர், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பால் அமெரிக்கச் சித்திரப்படங்கள் பிரான்சுக்குள் வாராதிருந்த ஆண்டுகளில் ‘இசைக்குறி வியாபாரி’ (1942), ‘சோளக்கொல்லைப் பொம்மை’ (1943) முதலியவற்றை ஆக்கினார். பட்டினியும் பயமும் நிறைந்த பாரிஸில் அமர்ந்து வரைந்தவர் இவற்றில் இத்தனை மிருதுவான மகிழ்ச்சியை எங்ஙனம் காத்து வைத்தார் என்பது வியப்புக்குரியது. யுத்தம் முடிந்தபின், கவிஞர் ழாக் பிரெவேர் கதை அமைக்க, ஜோசப் கோஸ்மா இசை அமைக்க, ஆண்டர்சனின் கதையொன்றைத் தழுவி ‘சின்னஞ்சிறு சிப்பாய்’ 1947-இல் பிறந்தது. பொம்மைக் கடையிலுள்ள கழைக்கூத்தாடிப் பொம்மையொன்று யுத்தத்துக்கு அழைக்கப்பட்டு, காயமுற்று, பனியில் தட்டுத்தடுமாறித் திரும்பி வருகிறது. அதன் நெஞ்சில் சாவியாகப் பொருந்திய இருதயமும், அதற்காகக் காத்திருக்கும் பொம்மைப் பெண்ணும், இருவருக்கும் இடையே புகும் பெட்டிப் பூதமும் குழந்தைகளுக்கு உரிய பாத்திரங்களே. ஆயினும் போரில் புதல்வரை இழந்த ஒரு தேசம் அந்தச் சிப்பாயின் நடையில் தன் புதல்வரையே கண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. 1948-ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் அது பரிசு பெற்றது.

இதற்குப்பின் கிரிமோவும் பிரெவேரும் மேற்கொண்ட ‘ஆட்டிடைச்சியும் புகைபோக்கி துப்புரவாளனும்’ என்னும் முழுநீளப் படம், குறும்படங்களின் சரித்திரத்திலும் சொல்லப்பட வேண்டியதே. ஏனெனில் அது அடைந்த கதி கிரிமோவின் பிற்கால வேலை முழுவதையும் உருவாக்கியது. பணம் கரைந்து, தயாரிப்பாளருக்கும் படைப்பாளருக்கும் விரோதம் மூண்டு, படைப்பாளரின் சம்மதமின்றியே முடிக்கப்பட்ட படம் 1953-இல் கொட்டகைகளுக்கு வந்தது. தம் பெயரால் வெளிவந்த அரைகுறைப் படத்தைக் கிரிமோ மறக்கவில்லை. 1967-இல் அதன் மூலப் பிரதியை விலைக்கு வாங்கி, பழைய பகுதிகளுடன் புதியவற்றைப் பொருத்தி, ‘அரசனும் பறவையும்’ என்ற பெயரில் 1980-இல் அதை முழுமையாக்கி வெளியிட்டார். பிரெவேர் அதற்குமுன் 1977-இல் காலமாகிவிட்டார். இடைப்பட்ட காலத்தில் கிரிமோவின் கூடம் இளைஞர்களுக்குப் பயிற்சிச் சாலையாக விளங்கிற்று. ழான் பிரான்சுவா லாகியோனி கத்தரித்த காகிதத்தில் ஆக்கிய ‘நங்கையும் செல்லோ வாசிப்பவனும்’ (1965) அங்கே உருவாகி, ஆன்சி நகரத்துச் சித்திரப்பட விழாவில் முதற்பரிசைப் பெற்றது.

குழந்தைகளும் நோயாளிகளும் வரைந்தவை

ஆன்ரி கிருவேல் 1953-இல் ‘மார்த்தேனும் காஸ்தோனும்’ என்ற படத்தைக் குழந்தைகள் வரைந்த சித்திரங்களைக் கத்தரித்து அசைத்தே முடித்தார். தேர்ந்த ஓவியர் குழந்தையைப்போல் வரைய முயலும் போலித்தனத்துக்கு அங்கே இடமில்லை. பின்னர் போரிஸ் வியான் எழுதிய உரையுடன் மோனாலிசா ஓவியத்தின்மேல் உலகம் கொண்ட பித்தைச் சித்திரிக்கும் ‘லா ஜோகோந்து’ என்ற படத்தை எடுத்து, 1958-இல் கான் விழாவின் குறும்படப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிருவேலின் முயற்சியைவிட ஆழமானது ரெனே லாலூ (1929–2004) செய்தது. லுவார் ஆற்றுப் பிரதேசத்திலுள்ள லா போர்து என்னும் மனநோய் மருத்துவமனை, ழான் ஊரி, பெலிக்ஸ் குவாத்தாரி ஆகியோரின் நிர்வாகத்தில், நோயாளிகளைப் பூட்டி வைக்காமல் அவர்களுக்கு வேலையும் கலையும் பொறுப்பும் கொடுத்துப் பேணியதனால் பெயர்பெற்றது. லாலூ அங்கே பணிபுரிந்தபோது, நோயாளிகளே கதை அமைத்து, அவர்களே வரைந்த உருவங்களை அசைத்து, ‘குரங்கின் பற்கள்’ (1960) என்ற படம் எடுக்கப்பட்டது. ஏழைகளின் பற்களைத் திருடிப் பணக்காரருக்கு விற்கும் பல் வைத்தியனையும், சைக்கிளில் வரும் மந்திரவாதிக் குரங்கையும் பற்றிய அக்கதை, அதைப் புனைந்தவர்களின் துயரத்தை எந்த நோய்க்குறிப்பிலும் காணமுடியாத தெளிவுடன் எடுத்துரைக்கிறது. நோயாளிகளைக் காட்சிப்பொருள் ஆக்காமல், அவர்களையே படைப்பாளிகளாக ஏற்ற பெருந்தன்மைக்காக அப்படம் என்றும் போற்றத்தக்கது. பிறகு ரோலான் தோபோர் என்னும் ஓவியருடன் லாலூ இணைந்து, மனிதரின் கொலைவெறியைப் பற்றிய ‘செத்த நேரங்கள்’ (1964) என்ற படத்தையும், ‘நத்தைகள்’ என்ற படத்தையும் ஆக்கினார். குடியானவன் ஒருவனின் கண்ணீரால் வளர்ந்த கீரையைத் தின்று பேருருவம் எடுத்த நத்தைகள் நகரத்தை அழிப்பது பின்னதன் கதை. இவ்விருவரும் பிராகு நகரத்தில் எடுத்து 1973-இல் கான் விழாவில் விசேஷப் பரிசு பெற்ற ‘காட்டுக் கோள்’ என்ற முழுநீளப் படத்தின் வித்துக்கள் அனைத்தும் இக்குறும்படங்களில் உள்ளன.

போலந்திலிருந்து வந்தோர்

வலேரியான் பொரோவ்சிக், யான் லெனிட்சா என்ற இரு போலந்துக் கலைஞர்களும் கூட்டாக எடுத்த ‘வீடு’ 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சியை ஒட்டி நடந்த பரிசோதனைப் படப் போட்டியில் முதற்பரிசு வென்றது; அதன்பின் இருவரும் பிரான்சில் வேலை செய்தனர். லெனிட்சா, கிருவேலுடன் சேர்ந்து, அயனெஸ்கோ எழுதிய உரைக்குத் ‘திருவாளர் தலை’ (1959) என்ற படத்தை இயற்றினார். பொரோவ்சிக்கின் படங்களுள் ‘மறுபிறப்பு’ (1963) தலைசிறந்தது. வெடித்துச் சிதைந்த அறையொன்றில், கூடை, பொம்மை, எக்காளம், பஞ்சடைத்த ஆந்தை, புத்தகங்கள் ஆகியவை சாம்பலிலும் துணுக்குகளிலும் இருந்து தாமாகவே ஒன்றுகூடிப் பழைய உருவத்தைப் பெறுகின்றன. கடைசியாக ஒன்றுசேர்வது கைவெடிகுண்டு. அது மறுபடியும் வெடிக்கிறது. மனிதரே தோன்றாத இப்படத்தில் ஐரோப்பாவின் அரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த ‘தேவதூதரின் விளையாட்டுகள்’ வதை முகாம்களின் நினைவை வெறும் சுவர்களாலும் குழாய்களாலும் ஒலிகளாலும் எழுப்புவது. அதற்கு இசை அமைத்தவர் பெர்னார் பார்மெஜியானி.

பார்மெஜியானி முதலிய இசைஞர்கள் பழகிய இடம், பியேர் ஷேஃபர் 1960-இல் பிரெஞ்சு வானொலி–தொலைக்காட்சி நிலையத்தில் அமைத்த ஆராய்ச்சிப் பிரிவாகும். ரயிலோசை, கதவோசை முதலிய உலகத்து ஒலிகளையே பதிந்து கோத்து இசையாக்கும் நெறியை 1948-இல் தொடங்கி வைத்த ஷேஃபர், ஓவியர்களையும் இசைஞர்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தார். ராபர் லாபுஜாத், பியோத்ர் காம்லர் ஆகியோர் அங்கே வேலை செய்தனர். 1968 ஏப்ரலில் தொலைக்காட்சியில் தோன்றித் தேசத்தையே இரு கட்சிகளாகப் பிரித்த ‘ஷாதோக்குகள்’ என்னும் ழாக் ரூக்ஸெலின் சித்திரத் தொடரும் அங்கேதான் தோன்றியது.

சித்திரமில்லாப் பரிசோதனைகள்

சித்திரம் வரையாமலே படிமங்களை ஆராய்ந்தவர்களையும் இங்கே கருத வேண்டும். ழான் மித்ரி, ஹோனகரின் இசையை ரயில் இயந்திரக் காட்சிகளுடன் இழைத்துப் ‘பசிபிக் 231’ (1949) என்ற படத்தை எடுத்தார். ஆலென் ரெனே, கிரிஸ் மார்க்கருடன் சேர்ந்து ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றி எடுத்த ‘சிலைகளும் மடிகின்றன’ (1953), குடியேற்ற ஆட்சியைக் கண்டித்தமையால் தணிக்கையாளரால் பல ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டது. தொழிற்சாலை முதலாளிகள் விரும்பிக் கேட்க ரெனே எடுத்த ‘ஸ்டைரீனின் பாட்டு’ (1958) என்னும் பிளாஸ்டிக் பற்றிய படத்துக்கு ரேமோன் கெனோ பன்னிரண்டசைச் செய்யுளில் உரை இயற்றிக் கொடுத்தார். மார்க்கரின் ‘லா ஜெட்டே’ (1962) இருபத்தெட்டு நிமிஷமும் அசையாத புகைப்படங்களாலேயே ஆனது. உறங்கும் பெண் கண்விழிக்கும் ஒரேயொரு கணத்தில் மட்டும் படம் அசைகிறது. நகர்வுதான் சினிமா என்று நம்பியிருந்த உலகுக்கு, அந்த ஒரு கணம் நகர்வின் விலை எவ்வளவென்று உணர்த்தியது.

லெத்ரிஸ்டுகள் எனப்படும் எழுத்துவாதிகள் இன்னும் தீவிரமாகச் சென்றனர். இசிதோர் இசு பிலிமைக் கீறினார். கில் வோல்மான் 1952-இல் வானிலை ஆராய்ச்சிப் பலூன் ஒன்றையே திரையாகக் கொண்டு தம் படத்தைக் காட்டினார். கீ தெபோர் அதே ஆண்டில் வெறும் வெண்மையும் கருமையும் மாறிமாறி வரும் படத்தை வெளியிட்டு, இறுதியில் 24 நிமிஷம் பார்வையாளரை நிசப்த இருளில் அமர்த்தினார். சினிமாவை முடித்துவிடும் நோக்கத்துடன் செய்யப்பட்டவை இவை. இவற்றின் துணிவை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பிலிமைக் கீறும் அதே செயல் மற்றொரு கண்டத்தில் ஆனந்தமாக மலர்ந்ததை நோக்கும்போது, இவை வறண்ட வாதங்களாகவே படுகின்றன.

கனடாவில்

அந்த ஆனந்தத்தின் உரிமையாளர் ஸ்காட்லாந்தில் பிறந்த நார்மன் மெக்லாரன் (1914–1987). கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துத் தலைவர் ஜான் கிரியர்சனின் அழைப்பை ஏற்று 1941-இல் அவ்வாரியத்தில் சேர்ந்த அவர், ரெனே ஜோதுவான் முதலிய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, பிரெஞ்சுக் கனடியரின் நாட்டுப்பாடல்களைச் சித்திரங்களாக்கும் வரிசையொன்றைத் தொடங்கினார். ஓடத்தின் முனையிலிருந்து பார்ப்பவன்முன் ஆறும் கரையும் விரிந்துகொண்டே வருவதாக அமைந்த ‘துடுப்பே’ (1944) என்ற படமும், ஒரே சித்திரத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பதிந்த ‘சாம்பல்நிறக் கோழி’ (1947) என்ற தாலாட்டும் அவ்வரிசையைச் சார்ந்தவை. அலெக்ஸேயெவும் பார்க்கரும் யுத்தகால வாசத்தின்போது அவ்வரிசைக்கென்று ஊசித்திரையில் ஒரு படம் ஆக்கிக் கொடுத்தனர். மெக்லாரனின் ‘பிளிங்கிட்டி பிளாங்க்’ (1955) கறுப்புப் பிலிமில் பேனாக்கத்தியாலும் தையல் ஊசியாலும் நேரே கீறி ஆக்கப்பட்டது. பெரும்பாலான கட்டங்கள் வெறும் கருமையாகவே விடப்பட்டிருக்க, அங்கங்கே பளிச்சிடும் கோடுகளைக் கண் தானே இணைத்து ஒரு பறவையாகக் காண்கிறது. கான் விழாவின் குறும்படப் பரிசு அதற்குக் கிடைத்தது. க்ளோத் ஜுத்ராவுடன் அவர் எடுத்த ‘ஒரு நாற்காலி இருந்தது’ (1957) என்னும் படத்தில், உட்கார இடங்கொடாத நாற்காலியோடு ஜுத்ரா மன்றாடும் ஒவ்வொரு அசைவையும் பண்டிட் ரவிசங்கரின் சிதாரும் சதுர்லாலின் தபலாவும் தொடர்ந்து செல்கின்றன. இந்திய ரசிகர்கள் அவசியம் காணவேண்டிய படம் இது. வாரியத்தின் பிரெஞ்சு அனிமேஷன் கூடத்தை 1966-இல் ஜோதுவான் நிறுவினார். பின்னர் ஊசித்திரை ஒன்றும் மாண்ட்ரியாலுக்கு வந்து சேர, ழாக் துருவேன் அதில் பயின்று ‘நிலக்காட்சி ஓவியன்’ (1976) என்ற படத்தை முடித்தார். ஒரு தம்பதியின் அந்தரங்கக் கருவியாக இருந்தது இவ்வாறு பிறர் கைக்கும் வசமாயிற்று.

ஆன்சி

சித்திரப்படங்களுக்கென்று தனிக் கூட்டம் வேண்டுமென்ற எண்ணம் 1956-இல் கான் நகரத்தில் அரும்பி, 1960-இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆன்சி நகரில் சர்வதேச விழாவாக நிலைபெற்றது. சர்வதேச அனிமேஷன் சங்கமும் அக்காலத்தில் தோன்றியதே. பனிப்போரால் பிரிந்திருந்த கீழை, மேலை ஐரோப்பியக் கலைஞர்கள் ஆன்சியில் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பழகியது சிறிய நன்மையன்று. சுவிட்சர்லாந்தில் மணலை விரலால் அலைத்து அசைத்த ஆன்ஸோர்ஜ் தம்பதிகள் போன்றோருக்கு அங்கேதான் தகுந்த ரசிகர்கள் வாய்த்தனர்.

நைஜர்

பிரெஞ்சு மொழியின் வழியாக இக்கலை சகாராவுக்குத் தெற்கேயும் சென்றது. நைஜர் நாட்டைச் சேர்ந்த முஸ்தபா அலசான் (1942–2015), இனவரைவியல் படங்கள் எடுத்த ழான் ரூஷின் உதவியால் முன்வந்து, கனடாவில் மெக்லாரனிடம் பயின்று, ‘கான்ஜியின் மரணம்’ (1965), ‘சென்று வருக, சிம்’ (1966) ஆகிய சித்திரப்படங்களைத் தம் கையாலேயே வரைந்தார். தேரைகளின் குடியரசுக்குத் தலைவனான சிம் அயல்நாட்டு விஜயம் சென்று, மாலை மரியாதைகளைப் பெற்றுத் திரும்பி வரும்போது, அவனுடைய பிரஜைகளே அவனைப் பதவியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஆப்பிரிக்கத் தேசங்களில் இவ்வளவு வெளிப்படையாக ஆட்சியாளரைக் காட்டுவதற்குத் தேரைகளைத் தேர்ந்தது நல்ல உபாயம். பெரிய கூடமோ, உதவியாளர் கூட்டமோ இன்றி நைஜரிலேயே தங்கி, அலசான் பின்னும் பல ஆண்டுகள் சித்திரங்களையும் பொம்மைகளையும் அசைத்துக்கொண்டிருந்தார்.